நரம்பு வேறு, நாளம் வேறு

வெந்நீரில் சில நிமிடம், குளிர்நீரில் ஒரு நிமிடம் என்று கால்களை மாற்றி மாற்றி வைத்தால் இரத்த ஓட்டம் சீர்படும், மரத்துப்போன கால் உயிர்பெறும், உடற்கழிவெல்லாம் கரைந்தோடும். இவ்வாறு அடித்துச் சொல்வோர் நம்மிடையே பெருகியுள்ளனர். கோயில் வாசலிலும் திருமண மண்டபத்திலும் இவ்வறிவுரை கேளாமலே கிடைக்கிறது. சொல்வோரின் அன்பில் ஐயமில்லை. சொல்லும் செய்தியே ஐயத்திற்குரியது.

உண்மையை முதலில் ஒப்புக்கொள்வோம். வெப்பம் பட்டால் தோலின் நுண்தமனிகள் விரிகின்றன. குளிர் பட்டால் சுருங்குகின்றன. ஓய்வில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் குறைவான குருதியே பெறும் தோல், உடல் முழுதும் கடும் வெப்பத்திற்கு ஆட்படும்போது 6 முதல் 8 லிட்டர் வரை பெறக்கூடும். பனிநீரில் வைத்த விரல் முதலில் வெளுத்து, சில நிமிடங்களில் தானே சிவப்பதை 1930இல் தாமஸ் லூயிஸ் விளக்கினார். இவையெல்லாம் உடல் தன் வெப்பத்தைக் காக்கவும் வெளியேற்றவும் செய்துகொண்ட ஏற்பாடுகள். நோய் தீர்க்கும் ஏற்பாடுகள் என்று எவர் சொன்னார்?

விரிந்து சுருங்கும் நாளம் ஒரு பம்பைப் போலக் குருதியைத் தள்ளுகிறதாம்! குருதியைத் தள்ளுவது இதயம் என்பதை வில்லியம் ஹார்வி 1628இலேயே நூலெழுதி நிறுவிவிட்டார். காலிலிருந்து அது மேலேறத் துணைசெய்வன கெண்டைக்கால் தசைகளும், சிரைகளுக்குள் ஒருவழிக் கதவுகளாய் நிற்கும் வால்வுகளும் ஆகும். இரண்டு தொட்டிகளுக்கிடையே கால் மாற்றி அமர்ந்திருப்பவர் அந்நேரத்தில் தெருமுனைவரை நடந்து வந்தால் அத்தசைகளுக்கு வேலை கிடைக்கும். கழிவை வெளியேற்றக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. விளையாடிக் களைத்தவரின் தசைவலி, சும்மா இருப்பதைவிட இம்முறையால் ஓரளவு தணிகிறது. அதை மறுக்க வேண்டியதில்லை.

இம்முறைக்குப் புகழ் தேடித் தந்தவர்கள் ஐரோப்பியர். கிரேஃபென்பெர்க் மலையில் பிரீஸ்நிட்ஸ், பவேரியாவில் நீர்ச்சிகிச்சை நூலை 1886இல் வெளியிட்ட க்னைப் பாதிரியார் ஆகியோர் கையாண்டது குளிர்நாட்டு நீர். நம் குழாயில் வருவதையும் குளிர்நீர் என்கிறோம்! கேமரன் மலைவாசிகள் பொறுத்தருள்க.

இவ்வளவோடு நின்றால் இக்கட்டுரைக்கே தேவையில்லை. பயனற்ற பழக்கங்கள் நம்மிடம் பல உண்டு. அவற்றோடு இதுவும் ஒன்றாய் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால், இங்கே காலே போய்விடுகிறது.

மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வின்படி, வயதுவந்த இந்தியருள் நூற்றுக்கு ஏறத்தாழ 31 பேர் நீரிழிவுடையோர். நெடுநாள் நீரிழிவு பாதத்தின் நரம்புகளைச் சிதைக்கிறது. கால் மரத்துப்போகிறது. மரத்த கால் சூட்டை உணராது. 60 பாகை வெந்நீர் தோலை வேகவைக்க ஐந்து விநாடி போதும். 49 பாகை நீருக்குச் சில நிமிடங்கள் போதும். உணர்வுள்ளவன் காலை இழுத்துக்கொள்வான். உணர்வற்றவரோ 'இதமாக இருக்கிறது' என்று மேலும் வெந்நீர் ஊற்றச் சொல்வார். தமனிகளும் அடைபட்டிருப்பின் கேடு இருமடங்கு: சூடேறிய திசு மிகுதியான குருதியைக் கேட்கும்; குறுகிய தமனியால் அதைக் கொடுக்கவியலாது. கொப்புளம் புண்ணாகும், புண் அழுகும், பிறகு அறுவை மேசைதான். நீரிழிவுடையோர் காலை ஊறவைக்கவே வேண்டா என்றும், கழுவும் நீரையும் காலால் அன்றி முழங்கையால் சோதிக்க வேண்டும் என்றும் மருத்துவர் சொல்வது இதனாலேயே. சிங்கப்பூர்ச் செம்பவாங்கில் ஊற்றுநீர் ஏறத்தாழ 70 பாகையில் வருகிறது. அதை ஆறவைத்தே கால் நனைக்க விடுகின்றனர். அங்கும் மரத்த காலோடு செல்பவர் எச்சரிக்கையாயிருப்பதே அறிவுடைமை.

நரம்பு கெட்டதனால் மரத்த காலுக்கு 'இரத்த ஓட்டம் இல்லை' என்று வெந்நீர் வைக்கும் எண்ணம் எங்கிருந்து வந்தது? பாதிப் பழி நம் பேச்சுக்கு உரியது என்பேன். 'ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை' என்கிறோம், கிடைக்காதது சிரை. 'காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது' என்கிறோம், புடைத்தது சிரை. உணர்வைக் கடத்தும் நரம்புக்கும் அதே சொல். யாழின் தந்தியையும் நரம்பென்ற பழைய மொழி நம்முடையது. அச்சொல்லின் விரிவு அன்று அழகாயிருந்தது. இன்று மருத்துவர் 'நரம்புத் தளர்ச்சி' என்றால் நோயாளி குருதிக் குழாயை நினைக்கிறார். நினைத்தபடியே அடுப்பில் நீரை வைக்கிறார்.

இஃது அறிவியல் ஆசிரியரின் பாடமன்றோ என்று தமிழாசிரியர் ஒதுங்குவது தகாது. அறிவியல் தேர்வில் தமனி, சிரை, நரம்பு என்று பிரித்தெழுதி மதிப்பெண் வாங்கும் அதே மாணவன், தமிழ்க் கட்டுரையில் 'நரம்பில் இரத்தம் ஓடுகிறது' என்று எழுதுகிறான். நாமும் எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டுத் தாளைத் திருப்புகிறோம். அச்சொல்லின் கீழும் சிவப்பு மையால் ஒரு கோடிட்டு, 'நரம்பா, நாளமா?' என்று ஓரத்தில் கேட்பதற்குக் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை எதுவும் வேண்டியதில்லை.