எதிரெதிர்ச் சபைகள், ஒரே வகுப்பறை



கிறிஸ்துவ சமயத்தின் ஆன்மிக மறுமலர்ச்சியைச் சொல்லுமிடத்து, புரோட்டஸ்டண்டு வரலாறு ஒருபுறமும் கத்தோலிக்க வரலாறு மறுபுறமுமாகச் சொல்வதே வழக்கம். பதினேழாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியை ஓர் ஆசிரியரின் கண்கொண்டு நோக்கினால், இடையிலுள்ள சுவர் அவ்வளவு உயரமில்லை என்பதே என் கருத்து.

ஜெர்மனியில் லூத்தரன் சபை வெறும் கோட்பாட்டு வாதத்தில் இறுகிவிட்டதென வருந்திய ஸ்பேனர், உள்ளார்ந்த பக்தியை வலியுறுத்தி 1675-இல் நூலெழுதினார். அவர் வழிவந்த பிராங்கே, 1695-இல் ஹாலே நகரையொட்டிய கிளௌகாவில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். கையிருப்பு, காணிக்கைப் பெட்டியில் கிடைத்த நான்கு தாலரும் பதினாறு குரோஷனுமே!

அதே காலத்தில் கத்தோலிக்க பிரான்சில், ரேம்ஸ் பேராலயத்தில் வருவாய்மிக்க பதவி வகித்த லா சால், 1683-இல் அதனைத் துறந்தார். பஞ்சத்தில் தம் சொத்தை ஏழைகளுக்கு வழங்கிவிட்டு, ஆசிரியர்களோடு ஆசிரியராக வாழ்ந்தார். பிள்ளைகளுக்கு இலத்தீனில் வாசிப்பைத் தொடங்கும் வழக்கத்தை மாற்றி, பிரெஞ்சு மொழியில் தொடங்கச் செய்தார்.

மறுமலர்ச்சி ஏன் பள்ளிக்கூடத்தை நாடியது? பொருள் விளங்காத வேண்டுதல் நெஞ்சில் இறங்காது என இரு தரப்பும் கண்டதால்தான் என்று நான் எண்ணுகிறேன். இருவரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நிலையங்களும் அமைத்தனர். (பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாமெல்லாம் அவர்களுக்குக் கடன்பட்டவர்களே.) இருவருக்கும் சொந்தச் சமயத்தாரிடமிருந்தே இடர் வந்தது. பிராங்கே 1691-இல் எர்ஃபுர்ட்டிலிருந்து வெளியேற்றப்பட்டார்; லா சால்மீது பாரிஸ் எழுத்தாசிரியர் சங்கத்தினர் வழக்குத் தொடுத்தனர். ஆயினும், ஒருவர் சபையை மற்றவர் பிழையென்றே கருதிய காலம் அது.

ஹாலேயில் பயின்ற சீகன்பால்கு 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்றார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். லா சால் சபையினரோ 1852-இல் பினாங்கிற்கும் சிங்கப்பூருக்கும் வந்து, ஆங்கிலவழிப் பள்ளிகளையே வளர்த்தனர். அப்பள்ளிகளின் தரத்தை யான் மறுக்கவில்லை. நிறுவனரின் தாய்மொழிக் கொள்கை மட்டும் கடல் கடக்கவில்லையே என்பது என் மனக்குறை.

“ஆங்கிலத்திலேயே தொடங்கினால் என்ன டீச்சர்?” என முதலாம் ஆண்டுப் பதிவின்போது பெற்றோர் கேட்பதுண்டு. அவர்களுக்கு இப்போதெல்லாம் ரேம்ஸ் நகரத்துக் கதையைத்தான் சொல்கிறேன். சிலர் சிரிக்கின்றனர்; சிலர் படிவத்தை வாங்கிக்கொள்கின்றனர்.