பரணில் ஏறிய புத்தகங்கள்



எப்பவும் நான் மழைநீர் சேகரிப்பு, மரம் வளர்ப்புன்னுதான் எழுதுவேன். இந்தத் தடவை எங்க வீட்டு விஷயம் ஒன்றை எழுதப் போகிறேன். வீட்டு விஷயத்தை ஏன் சுவரில் ஒட்டணும்னு கேட்காதீங்க. நம்ம பள்ளியில் இன்னும் நாலைந்து பேர் வீட்டில் இதே கதை இருக்கும்னு எனக்குத் தெரியும்.

என் தங்கச்சி நாலாம் வகுப்பு. வயசு ஒன்பது. கண்ணில் பட்டதை எல்லாம் படிக்கிற பிள்ளை. எங்க அம்மா தளவாய்புரத்துக் கம்பெனிக்கு வீட்டில் இருந்தே நைட்டி தைக்கிறாங்க. தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடக்கிற வெட்டுத்துணிக் குவியல் மேல் உட்கார்ந்துகிட்டு, காலண்டர் தாளோட பின்பக்கம், கல்யாணப் பத்திரிகை, தீப்பெட்டி லேபிள், என்னோட சமூக அறிவியல் புத்தகம் எதையும் விடமாட்டாள். அவளுக்கு வருகிற ‘ஊஞ்சல்’ இதழை நின்ற இடத்திலேயே முடிச்சிட்டு, எனக்குக் கொடுத்த ‘தேன்சிட்டு’ இதழைப் பிடுங்கிக்குவாள். வருகிறவர்கள் எல்லாரிடமும் எங்க பாட்டி, "எம் பேத்தி பேப்பரே படிப்பா" என்று சொல்லிச் சொல்லிப் பூரிச்சுப் போவாங்க.

அந்தப் பூரிப்பு ஒரு வடைப் பேப்பரில் முடிஞ்சு போச்சு.

ஒருநாள் சாயங்காலம் அப்பா வாங்கி வந்த வடையைத் தின்னுட்டு, எண்ணெய் பட்ட அந்தப் பேப்பரை விரிச்சுப் படிச்சிருக்கிறாள். ஒரு பெண்ணைக் கிணற்றில் தள்ளிவிட்ட செய்தி. முழுசும் படிச்சிட்டு என்னிடம் வந்து அதில் இருந்த ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டாள். எனக்கு அர்த்தம் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. "போடி, வேலை கிடக்கு" என்று திரும்பிக்கிட்டேன். அன்றைக்கு ராத்திரியிலிருந்து மூணு நாள் அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் தூங்கினாள். கொல்லைப்பக்கம் தனியாகப் போகவே இல்லை. என்ன ஏதுன்னு விசாரிச்சு விஷயம் தெரிந்ததும் பாட்டி, "பள்ளிக்கூடப் புத்தகத்தைத் தவிர இனி எதையும் தொடக் கூடாது" என்று சொல்லிட்டாங்க. வீட்டில் இருந்த எல்லாப் புத்தகமும் ஒரு சாக்கில் கட்டிப் பரணில் ஏறிவிட்டது. அதில் என்னுடையதும் ஆறு. (அந்த ஆறும் என்ன பாவம் செய்தது!)

பாட்டி பயந்ததைத் தப்புன்னு நான் சொல்லவில்லை. பிள்ளை தூங்காமல் கிடந்தால் யாருக்கும் பயம் வரும். ஆனால் தீட்டிய தீர்ப்பு சரியில்லை என்பது என் கருத்து. ஏன்னு சொல்கிறேன்.

நம்ம தமிழில் ஒரு வசதி இருக்கு. அதுவே ஒரு வம்பும்கூட. 247 எழுத்தும் தெரிந்துவிட்டால் எந்தச் சொல்லையும் சத்தமாக வாசிச்சுவிடலாம். இங்கிலீஷ் மாதிரி எழுத்து ஒன்று, உச்சரிப்பு ஒன்று என்று ரொம்பத் திண்டாட வேண்டியதில்லை. அதனால் ஒன்பது வயசுப் பிள்ளை பெரியவங்க புத்தகத்தைக் கடகடன்னு வாசிக்கும்போது, அவளுக்கு எல்லாம் புரியுதுன்னு நாம நினைச்சுக்கிறோம். நாக்கு ஓடுது. மனசு பின்னாலேயே நடந்து வருது. எங்க மாமா பெருமையில் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வாங்கி வந்து கொடுத்தார். கல்கி 1950இல் தொடராக எழுத ஆரம்பிச்சு ஐந்து பாகம் வந்த நாவல் அது. தங்கச்சி இருபது பக்கம் தடுக்காமல் வாசிச்சாள். மாமா கை தட்டினார். மாமா பஸ் ஏறினதும் என்னிடம் வந்து, "அக்கா, இவங்க எல்லாரும் யாருக்கு யார்?" என்றாள். அதோடு அந்தப் புத்தகம் தலையணைக்கு அடியில் போயிருச்சு.

ஆக, ஒரு பக்கம் மிரண்டு போய்ப் பூட்டி வைக்கிறாங்க. இன்னொரு பக்கம் மெச்சிக்கிட்டுப் பெரிய புத்தகமாகத் தூக்கிக் கொடுக்கிறாங்க. ரெண்டு பேருமே பிள்ளையைக் கேட்கவில்லை.

நூலகத்தில் என்ன நடந்தது தெரியுமா? ஊர் பேர் வேண்டாம். ஒரு நூலகத்துக்கு அவளைக் கூட்டிப் போனேன். உள்ளே போனதுமே, "சின்னப் பிள்ளைக்கு அந்த மூலை" என்று கையைக் காட்டினாங்க. அந்த மூலையில் படம் போட்ட ஒல்லிப் புத்தகங்கள் பதினைந்து இருபது இருக்கும். அரை மணி நேரத்தில் அத்தனையையும் முடிச்சிட்டு, "அவ்வளவுதானா?" என்று நின்றாள். பக்கத்து அலமாரியைத் தொட்டதும், "அது பெரியவங்களுக்கு" என்று சத்தம் வந்தது. அந்த அலமாரியில் இருந்தது பறவைகளைப் பற்றிய புத்தகம். பறவையில் பெரியவங்களுக்கு என்று என்ன இருக்கு, சொல்லுங்க!

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணக்குப் பாடம் நடத்திக்கிட்டு இருந்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்து 1931இல் புத்தகமாக வெளியிட்டார். அதில் ஒரு விதி, வருகிற ஒவ்வொருவருக்கும் அவருக்கு வேண்டிய புத்தகம் கிடைக்கணும் என்பது. அடுத்த விதி, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதைப் படிக்க ஆள் கிடைக்கணும் என்பது. படிக்க வருகிறவருக்கு என்ன வயசு இருக்கணும்னு அவர் போடவே இல்லை. இன்னொன்று. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கிறாங்க. ரூபாய்க்குப் பத்துப் பைசா. எங்க வீட்டு வரி அம்மா நைட்டி தைத்த காசு. அதனால் அந்தப் பறவைப் புத்தகத்தில் ஒரு இறகாவது என் தங்கச்சிக்குச் சொந்தம்னு நான் சொல்லுவேன்.

மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தாங்க. பிள்ளைகளுக்கு என்றே அங்கே தனிப் பகுதி இருக்கு. ஆனால் செட்டியார்பட்டியில் இருந்து பஸ்ஸில் ரெண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாரா வாரம் யார் கூட்டிப் போவாங்க? நமக்கு இங்கேயே வழி வேணும்.

வழி இல்லாமல் இல்லை. அதே 2023இல் அரசு கொண்டு வந்த வாசிப்பு இயக்கத்தில் சின்னச் சின்னப் புத்தகங்களை நுழை, நட, ஓடு, பற என்று நாலு வகையாகப் பிரிச்சாங்க. இன்ன வகுப்புக்கு இன்ன புத்தகம் என்று இல்லாமல், வாசிக்கிற திறமையைப் பார்த்துப் பிரிச்சது. இது எனக்கு ரொம்பப் பிடிச்சது. எட்டாம் வகுப்பு அண்ணன் ‘நட’ எடுத்தால் வெட்கம் இல்லை, நாலாம் வகுப்புப் பிள்ளை ‘பற’ எடுத்தால் அதிசயமும் இல்லை. ஆனால் பறந்து முடிச்ச பிள்ளைக்கு அடுத்து என்ன கொடுப்பது? அங்கேதான் நாம முழிக்கிறோம். அதுக்கு மேலே போனால் சொல் மட்டும் பெரிசாகாது. சாவு, துரோகம், சண்டை எல்லாம் கூடவே வரும்.

நான் கண்டுபிடிச்சதைச் சொல்கிறேன். டெட்சுகோ குரோயாநாகி என்ற ஜப்பான் நாட்டு அம்மா தன் சின்ன வயசுக் கதையை 1981இல் புத்தகமாக வெளியிட்டாங்க. தமிழில் ‘டோட்டோ-சான், ஜன்னலில் ஒரு சிறுமி’. ஒரு டீச்சரிடம் அதை இரவல் வாங்கினேன். குறும்பு தாங்காமல் ஒரு பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பிய பிள்ளையை, ரயில் பெட்டியில் வகுப்பு நடக்கிற இன்னொரு பள்ளியில் சேர்க்கிறாங்க. தங்கச்சி சிரிச்சுச் சிரிச்சுப் படிச்சாள். அந்தக் கதையிலும் சாவு வருது. டோட்டோ-சானோட நண்பன், இளம்பிள்ளை வாதம் வந்த பையன், செத்துப் போகிறான். கடைசியில் யுத்தத்தில் குண்டு விழுந்து பள்ளிக்கூடமே எரியுது. தங்கச்சி அழுதாள். ஆனால் ராத்திரி நல்லாத் தூங்கினாள்.

ஏன்? நான் ரொம்ப யோசிச்சேன். வடைப் பேப்பரில் செத்தவளுக்குப் பேர் மட்டும்தான் இருந்தது. இந்தப் பையனோடு அவள் நூறு பக்கம் விளையாடி இருக்கிறாள். அதைவிட முக்கியமான காரணம், அந்த இடம் வரும்போது அவள் தனியாக இல்லை. அம்மா மிஷின் மிதிக்க, இவள் சத்தமாக வாசிச்சுக்கிட்டு இருந்தாள். பையன் செத்த இடத்தில் அம்மா மிஷினை நிறுத்திட்டாங்க. ஊசி அப்படியே நின்றது. ரெண்டு பேரும் அவனைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினாங்க. அப்புறம் அம்மா, "மேல படி" என்றாங்க. பாட்டியும் வெற்றிலை இடிப்பதை விட்டுட்டு, "அந்தப் புள்ளைக்கு அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்டாங்க. இப்போ பாட்டிக்கே தினமும் கதை வேணும். பரணில் இருந்து சாக்கு இறங்கிடுச்சு. ‘பொன்னியின் செல்வன்’ மட்டும் இன்னும் மேலேதான். அது பன்னிரண்டு வயசில் இறங்கட்டும்.

புத்தகம் கொடுக்கிறவங்க முதல்ல தாங்களும் படிக்கணும். பிள்ளை கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கணும். நான் அன்றைக்குத் திரும்பிக்காமல் ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மூணு ராத்திரி இருந்திருக்காது. பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடி வைத்தால் திட்டவும் கூடாது. அப்புறம், எல்லாரும் கதையே கொடுக்கிறீங்க. பறவை, நட்சத்திரம், எறும்பு, ரயில் எப்படி ஓடுது, இந்த மாதிரி புத்தகத்தில் எவ்வளவு கஷ்டமான சொல் வந்தாலும் பிள்ளை பயப்படாது, சந்தேகம்தான் கேட்கும். என் தங்கச்சி இப்போ சாம்பல் நிற மலை அணிலைப் பற்றிக் கேட்டுத் துளைக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் அதுக்கென்று சரணாலயமே இருக்கு. நமக்குப் பக்கத்து மலை. அதைப் பற்றித் தமிழில் அவளுக்கு ஏற்ற புத்தகம் ஒன்று யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்க.

தாளில் இடம் முடியப் போகுது, அதனால் சின்ன எழுத்தில் எழுதுகிறேன். நம்ம பள்ளியில் பெரிய வகுப்புக்கு என்று ஒரு அலமாரி இருக்கு. ஒவ்வொரு புதன்கிழமையும் சாப்பாட்டு நேரத்தில் அதை நாலு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் திறந்து வைக்கலாமா என்று தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறேன். கூட ஒரு பெரிய வகுப்பு அக்கா உட்கார வேண்டும். முதல் நாள் நான் உட்காருகிறேன். அடுத்த புதனுக்கு ஆள் வேணும். பேர் கொடுக்கிறவங்க இந்தத் தாளுக்குக் கீழே நூலில் தொங்குகிற நோட்டில் எழுதுங்க. பென்சிலை எடுத்துக்கிட்டுப் போயிடாதீங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி,
செட்டியார்பட்டி.