முழங்காலுக்கு உரியவரைப் பேசவிடுங்கள்

அன்பார்ந்த பெரியோர்களே, அவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் பிள்ளைகளே, மருத்துவப் பெருமக்களே,

மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கூட இருந்து கவனித்த குடும்பத்தார், பிசியோதெரபி செய்பவர்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். அறுவைக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. வருடக்கணக்கில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்து, மூட்டை மாற்றிக்கொண்டபின் கடைத்தெருவுக்கு நடந்துபோகிறவர்கள் எங்களிலேயே உண்டு. அந்த முடிவு எடுக்கப்படும் விதம்தான் எங்களை உறுத்துகிறது.

எங்களில் ஒருவரின் தாயார் சந்தையில் தரையில் குந்தி உட்கார்ந்து கீரை விற்றவர். மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மகனிடம், "அம்மாவுக்கு ரெண்டு முட்டியும் தேஞ்சுபோச்சு, நாலாவது கிரேடு, மாத்திடலாம்" என்றார். மகன் செலவைக் கேட்டார். எத்தனை நாள் லீவு போட வேண்டும் என்று கேட்டார். மாத்திரைப் பையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். செயற்கை மூட்டு வைத்தபின் இனிக் குந்தக் கூடாது என்பது தையல் பிரித்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. வலி போனது, வியாபாரமும் போனது. தினமும் என்ன வேலை செய்கிறீர்கள் என்று யாராவது கேட்டிருந்தால், முன்கூட்டியே ஒரு மேசைக்கடைக்கு ஏற்பாடு செய்துகொண்டு, வீட்டுக் கழிப்பறையையும் மாற்றிவிட்டு, நிம்மதியாக அறுவைக்குப் போயிருப்பார்.

ஆகவே பெரியவர்களே, "வலிக்குது டாக்டர்" என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது, பஸ் படி ஏற முடிகிறதா, ராத்திரி வலியில் தூக்கம் கெடுகிறதா, எந்த மாத்திரையை எத்தனை மாதமாக விழுங்குகிறீர்கள், எல்லாவற்றையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் மோசமாகத் தெரியும் காலோடு ஓரளவு நன்றாக நடப்பவர்கள் உண்டு. படத்தில் கொஞ்சமே தேய்ந்திருந்தும் துடிப்பவர்களும் உண்டு. படம் மட்டும் பார்த்து முடிவெடுக்கலாகாது. பிள்ளைகளே, மருத்துவர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அம்மாகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று சொல்லத் தயங்காதீர்கள்.

தேய்மானத்துக்காக மூட்டை மாற்றுவது பெரும்பாலும் அவசர சிகிச்சை கிடையாது. யோசிக்க அவகாசம் கேட்கலாம், இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம். டென்மார்க்கில் முழங்கால் மாற்றத்துக்குத் தகுதியான 100 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015இல் வெளியானது. பாதிப் பேருக்கு அறுவையோடு உடற்பயிற்சி, உணவு ஆலோசனை முதலியன. மீதிப் பேருக்கு அறுவை இல்லாமல் அவை மட்டும். ஓராண்டில் அறுவை செய்துகொண்டவர்களுக்கே குணம் அதிகம். கடுமையான பின்விளைவுகளும் அவர்களுக்கே அதிகம். மற்றவர்களில் அந்த ஓராண்டுக்குள் அறுவைக்குப் போனவர்கள் சுமார் கால்வாசிப் பேர்தான். செயற்கை முழங்கால்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் 25 ஆண்டு தாங்கும் என்று மதிப்பிடுகிறார்கள்; அறுவை செய்துகொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை முழுத் திருப்தி அடைவதில்லை என்பதும் பல ஆய்வுகளில் வந்த செய்தி. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. பயத்தாலேயே தள்ளிப்போட்டு, கால் வளைந்து விறைத்தபின் வருகிறவர்களுக்கும் இதே பேச்சு முன்பே நடந்திருந்தால் உதவியிருக்கும்.

செலவைப் பற்றிக் கேட்கக் கூச்சம் வேண்டாம். செயற்கை முழங்காலுக்கு மத்திய அரசு 2017இல் உச்சவிலை நிர்ணயித்தது. எந்த வகை மூட்டு, என்ன விலை என்று பில்லில் தனியாகக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.யில் வாசல்வரை வரிசை நிற்பதை நாங்களும் நின்று பார்த்தவர்கள்தான். ஆனாலும் "எதைச் செய்ய முடியாம கஷ்டப்படுறீங்க?" என்று கேட்க நீண்ட நேரம் ஆகாது. விளக்கி முடித்ததும், "நான் சொன்னதுல என்ன புரிஞ்சுது, சொல்லுங்க பாப்போம்" என்று கேளுங்கள். விட்டுப்போனது அங்கேயே தெரிந்துவிடும். சிகிச்சையின் தன்மை, பலன், ஆபத்து, மாற்று வழி எல்லாவற்றையும் விளக்கிப் பெறுவதே செல்லுபடியாகும் ஒப்புதல் என்று உச்ச நீதிமன்றம் 2008இல் சமீரா கோலி வழக்கில் சொல்லிவிட்டது. அறுவைக்கு முதல்நாள் இரவு, ஆங்கிலத்தில் அச்சடித்த தாளில் பெருக்கல் குறி போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவது அந்தத் தீர்ப்புக்கு மரியாதை ஆகாது. படிவத்தைத் தமிழில் கொடுங்கள். தேதி குறிக்கும் முன்பே கொடுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய், படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளையை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வரட்டும்.