காலில் பட்டையா, தாளில் கையெழுத்தா?

சிறைகளில் இடமில்லை, ஆகவே கைதியை வெளியே விட்டு, காலில் மின்னணுப் பட்டை மாட்டிக் கண்காணிக்கலாம் என்ற யோசனை நம் நாட்டில் வலுப்பெற்று வருகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் 1983-இல் தொடங்கிய முறை இது. மத்திய அரசு 2023-இல் வகுத்த மாதிரிச் சிறைச் சட்டம், பட்டை அணியச் சம்மதிக்கும் கைதிக்கு விடுப்பு அளிக்க இடம் தருகிறது. அதே ஆண்டு ஜம்மு காஷ்மீர் காவல்துறை, ஜாமீனில் வந்த ஒருவருக்கே அதை மாட்டியது.

தண்டனை பெற்றவர் வெளியே உழைத்துக் குடும்பத்தைக் காக்க இது உதவுமானால் நானும் வரவேற்பேன். நம் மாவட்டத்து நெட்டுகால்தேரி திறந்தவெளிச் சிறை 1962 முதல் இந்த நம்பிக்கையில்தான் நடக்கிறது. ஆனால் சிறைகளை நிரப்புகிறவர்கள் யார்? 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள்.

ஆரியசாலைக் கடையொன்றில் வேலை பார்க்கும் நம்மவர் ஒருவர் வழக்கில் சிக்கினால் என்ன ஆகும்? ஜாமீன் கிடைத்தாலும், கரம் கட்டிய ரசீதோடு வந்து பிணை நிற்க இங்கே அவருக்கு யார் உண்டு? சொந்த ஊரில் நிலம் வைத்திருக்கும் அண்ணன், உள்ளூர்ப் பிணை கேட்டால் உதவ மாட்டார்.

இந்தக் குறை புதிதல்ல. மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய்ப் பிணை கேட்டு, வேறு மாவட்டத்தில் சொத்துள்ள சகோதரரை ஏற்க மறுத்தது கீழ் நீதிமன்றம். 1978-இல் பாலக்காட்டுக்காரரான நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய்ச் சொந்தப் பத்திரத்தில் அவரை விடுவிக்கச் சொன்னார். உள்ளூர்ப் பிணையை வற்புறுத்த வேண்டாம் என்று 2023 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் அறிவுறுத்தியது. ஜாமீனில் வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் காவல்துறை பின்தொடர்வது அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது.

ஆகவே விசாரணைக் கைதிக்குப் பட்டை தீர்வல்ல. ஏழைக்கு ஆள் இல்லாத குறையைக் கருவி தீர்க்காது; ஆள்தான் தீர்க்க வேண்டும்.

தலைமறைவானால் நம் பணம் போகும் என்ற பயம் நியாயமே. ஆனால் பத்து வருடம் நம் கல்லாவைப் பார்த்தவரை நமக்குத் தெரியாதா? இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டவும், தெரிந்த தொழிலாளிக்குப் பிணை நிற்கவும் நம் சங்கம் ஒரு சிறு குழு அமைக்கட்டும். பொங்கல் விழாவுக்கு ஆள் சேர்க்கும் நாம் இதற்கும் சேர்க்கலாமே!