மூலக்கோப்பும் மூலபாடமும்: மின்படியாக்கம் குறித்து ஒரு மறுப்புரை

ஓலைச்சுவடிகளும் அரிய பழம்பதிப்புகளும் மின்படியாக்கம் பெற்றுவிட்டால் அவை காக்கப்பட்டுவிட்டன என்னும் எண்ணம் தமிழாய்வுலகில் வேரூன்றியுள்ளது. அதன்பின் அப்படிமங்கள் எவ்வாறு கையாளப்படுகின்றன என்பதைப் பதிப்பாசிரியர் பலரும் வினவுவதில்லை. அது கணிப்பொறி இயக்குநரின் வேலை என ஒதுக்கிவிடுகின்றனர். இவ்வொதுக்கம் பெரும்பிழை என்பதே ஈண்டு வலியுறுத்தப் பெறுவது.

தில்லி ஆர்.கே.புரத்தில் வாழும் எம்மனோர்க்குத் தமிழ்ச் சங்க நூலகம் அண்மையில் உண்டு. ஆயினும் சுவடிகளையும் முதற்பதிப்புகளையும் நாடிச் சென்னைக்கும் தஞ்சைக்கும் புதுச்சேரிக்கும் நினைத்தபோதெல்லாம் செல்ல இயலாது. எமக்குப் படிமமே சுவடி. சில ஆண்டுகளுக்கு முன் பழைய இலக்கண உரைப்பதிப்பொன்றின் படிமத்தை ஒரு நிறுவனத்திடமிருந்து பெற்றேன். நூற்பா ஒன்றில் 'மரபின' என்றிருந்தது. அவ்வாறாயின் அது பலவின்பால் முற்றாய் நிற்கும். 'மரபின்' எனப் புள்ளி பெற்றால் வருஞ்சொல்லைத் தழுவும். நூற்பாவின் முடிபே வேறாகும். அச்சில் புள்ளி இல்லையா, படிமத்தில் மறைந்ததா என்றறிய மூலப்படிமத்தைக் கேட்டேன். தூய்மை செய்தபின் மூலக்கோப்புகளை அழித்துவிட்டதாகவும், சேமிக்க இடம் போதவில்லை என்றும் விடை வந்தது. நூலோ தாள் நொறுங்கிய நிலையில் இருப்பதால் எவர்க்கும் தரப்படுவதில்லையாம்.

அத்தூய்மை எத்தகையது? மின்வருடிய பக்கங்களை ஒன்றொன்றாகத் திருத்தாமல், ஆயிரக்கணக்கான கோப்புகளுக்கு ஒரே கட்டளையைப் பிறப்பித்துவிடுகின்றனர். மென்பொருள் பக்கத்தை நேராக்கும்; ஓரங்களை வெட்டும்; வண்ணத்தைக் களைந்து கறுப்பு வெள்ளையாக்கும்; இறுதியில் கறை நீக்கும். கறை என்பது மென்பொருளுக்கு யாது? குறிப்பிட்ட அளவிற் சிறிய, தனித்து நிற்கும் கரும்புள்ளி. மெய்யெழுத்தின் அடையாளம் புள்ளி என்று தொல்காப்பியம் வகுத்த மொழியில், புள்ளியைக் குப்பை எனக் கருதும் கருவியிடம் நூலை ஒப்படைத்துவிட்டு நாம் அமைதியாக இருக்கிறோம்!

சுவடிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஏட்டில் பெரும்பாலும் மெய்ப்புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோல் தோன்றும். எகர ஏகார வேறுபாடு விளங்காது. மைப்பூச்சு மங்கிய இடங்களில் எழுத்தாணிக் கீறலின் நிழல் ஒன்றே படிப்பவர்க்குத் துணை. இருநிறப் படிமத்தில் அந்நிழல் எஞ்சுவதில்லை. பூச்சித்துளையையும் மையையும் வண்ணப்படிமத்தில் பிரித்தறியலாம். கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒன்றே. ஓரம் வெட்டும்போது ஏட்டின் இடப்பக்கத் தமிழெண்ணும் சேர்ந்து போவதுண்டு. ஏடு முறைமாறிக் கிடக்கும் சுவடியில் அவ்வெண்ணின் இழப்பு யாது விளைக்கும் எனச் சுவடி படித்தோர் அறிவர்.

தானியங்கு முறையை நான் எதிர்ப்பதாக எவரும் கருதவேண்டா. கையால் திருத்தி முடிக்கும் தொகையா நம்மிடம் உள்ளது? குற்றம் வேறிடத்தில் உள்ளது. இமேஜ்மேஜிக் என்னும் கட்டற்ற மென்பொருளில் 'கன்வர்ட்' என்னும் கட்டளை திருத்திய படிமத்தை வேறு பெயரில் எழுதவல்லது. 'மோக்ரிஃபை' என்னும் கட்டளையோ, வேறிடம் குறிக்காவிடின், மூலக்கோப்பின் மீதே எழுதிவிடும். ஒரு சொல்லின் வேறுபாட்டில் ஒரு நூலகம் அழியும்.

இடப்பற்றாக்குறை என்னும் வாதத்தையும் கணக்கிட்டுக் காண்போம். 5 அங்குல அகலமும் 8 அங்குல உயரமும் உடைய பக்கத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி வீதம் முழுவண்ணத்தில் வருடினால், சுருக்காத கோப்பு ஏறத்தாழ 43 மெகாபைட். 300 பக்க நூலுக்கு 13 கிகாபைட். 4 டெராபைட் வன்தட்டொன்றில் ஏறத்தாழ 300 நூல்கள் அடங்கும்; இழப்பிலாச் சுருக்கம் செய்தால் இன்னும் மிகுதி. இரண்டு படிகள் வைக்க இரண்டு வன்தட்டுகள். ஒரு கருத்தரங்கின் சால்வைச் செலவை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்திய மின்னூலகத் திட்டத்தில் பல்லாயிரம் நூல்கள் இருநிறப் படிமங்களாகவே வருடப்பட்டன. அன்றைய சேமிப்பு விலையில் அது மன்னிக்கத்தக்கதே. ஆயின் எழுத்துணரி மென்பொருள்கள் வளர்ந்துவிட்ட இன்று, அப்படிமங்களில் தொலைந்த சாயலை எக்கருவியாலும் மீட்க முடியாது. மாறாக, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்டம் முதன்மைப் படிமங்களைச் சுருக்காமல் பேணுமாறு கேட்டுவருகிறது. இணைய ஆவணகமும் பதிவேற்றிய மூலத்தையும் அதிலிருந்து பிறந்த கோப்புகளையும் தனித்தனியே வைக்கிறது. பிறந்தவை கெட்டால் மீண்டும் பெறலாம்.

சுருக்கும் முறையும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. 2013இல் ஜெர்மானியக் கணிப்பொறி அறிஞர் டேவிட் கிரீசல், சில ஜெராக்ஸ் இயந்திரங்கள் மின்வருடிய தாள்களில் 6 என்னும் எண்ணை 8 ஆக்கியதை வெளிப்படுத்தினார். ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கொள்ளும் சுருக்கமுறையே காரணம். எண்ணுக்கு நேர்ந்தது எழுத்துக்கு நேராதென எவர் உறுதி கூறுவார்?

2025ஆம் ஆண்டு நடுவண் நிதிநிலை அறிக்கையில் ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளுக்கென ஞான பாரதம் இயக்கம் அறிவிக்கப்பட்டது. அதில் தமிழ்ச் சுவடிகளும் வரும். மூலப்படிமம் தொடப்படாமல் வைக்கப்படுமா, அதன் மாறாமையை அறியச் சரிபார்ப்பு எண் பதியப்படுமா, இரண்டாம் படி வேறோர் ஊரில் இருக்குமா என்று தமிழ்த்துறைகள் இப்போதே எழுத்து வாயிலாகக் கேட்கவேண்டும். பதிப்பாசிரியரும் தாம் கண்டது மூலப்படிமமா திருத்திய படிமமா என்பதை முன்னுரையில் குறித்தல் வேண்டும்.

'மரபின' என்னும் அவ்விடத்திற்கு இருபாடங்களையும் இட்டு, 'படிமத்தால் துணிய இயலவில்லை' என்றே என் குறிப்பில் எழுதியுள்ளேன்.