ஆறாத புண்



வெள்ளத்தால் இருப்புப்பாதை உடைப்பெடுத்தால் நிகழ்வதை ரயில்வேயிற் பணிபுரியும் நாம் நன்கறிவோம். முதலில் போக்குவரத்து நிறுத்தப்படும். அடுத்து இடிபாடு அகற்றப்படும். பின்னர்ப் புதுத் தண்டவாளம் இடப்படும். அதன் பிறகும் சில காலம் வண்டிகள் மெதுவாகவே அனுப்பப்படும். உடலிற் பட்ட காயம் ஆறுவதும் ஏறக்குறைய இம்முறையிலேயே ஆகும்.

காயம் பட்ட சில நிமிடங்களில் குருதி உறைந்து ஒழுக்கை அடைக்கிறது. ஒரு நாளைக்குள் வெள்ளணுக்கள் திரண்டு கிருமிகளை அழிக்கத் தொடங்குகின்றன. வீக்கமும் சிவப்பும் இப்பணியின் அடையாளங்களே. பின்னர் நுண்ணிய குருதிக் குழாய்கள் கிளைக்கின்றன. கொலாஜன் என்னும் புரத நார் பின்னப்படுகிறது. ஓரங்களிலிருந்து புதுத்தோல் படர்கிறது. தழும்பு உறுதிப்படப் பல திங்கள் செல்லும். அப்போதும் அது பழைய தோலின் வலிமையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டிற்கு மேற் பெறுவதில்லை.

இவ்வொழுங்கைக் குலைப்பவற்றுள் முதன்மையானது நீரிழிவு. குருதிக் குழாய்கள் குறுகுவதால் பிராணவாயு குறைகிறது. சர்க்கரை மிகுவதால் வெள்ளணுக்கள் தளர்கின்றன. நரம்புகள் கெடுவதால் வலி தெரிவதில்லை. இம்மூன்றனுள் வலியின்மையே பெரிதும் ஏமாற்றுவது.

கொல்லிமலையில் 1914-இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தார். தொழுநோயாளரின் விரல்கள் நோயினால் தாமே அழுகி உதிர்கின்றன என்று அக்காலத்தில் பலரும் நம்பினர். உணர்வற்ற கை கால்களில் அறியாமற் படும் காயங்களும், புண்ணின் மீதே நடப்பதுமே காரணம் என்று அவர் காட்டினார். மாவுக்கட்டு இட்டுப் பளுவைக் குறைத்தபோது அப்புண்கள் ஆறின. 1966-இல் அமெரிக்கா சென்ற பின்னர், அவர் இப்பாடத்தை நீரிழிவுக் கால்களுக்கும் பொருத்தினார்.

நம் குடும்பங்களிலும் நீரிழிவுடைய முதியோர் உளர். வடநாட்டுக் குளிரில் கணப்பருகே கால் நீட்டுவதும், கோடை விடுமுறையில் ஊர் சென்று, வெயிலிற் கொதிக்கும் கோவிற் கல்தளத்தில் வெறுங்காலுடன் வலம் வருவதும் அவர்களுக்கு ஆபத்தாம். ஆதலின், இரவில் உறங்குமுன் தாத்தா பாட்டியரின் உள்ளங்கால்களைப் பார்த்துச் சொல்வதை வீட்டுச் சிறாரின் கடமையாக்குவோம். காயத்தைத் தூய நீராற் கழுவி, சுத்தமான துணியாற் கட்டுக. சாம்பலோ காப்பித்தூளோ அப்புதல் வேண்டா. நீரிழிவுடையவர் காலிற் புண் கண்டால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்க. "வலிக்கவில்லையே, பிறகு பார்க்கலாம்" என்று அவர் மறுப்பாராயின், அன்று நாம் இன்னும் விரைந்து புறப்படல் வேண்டும்.