ஏறும் துறையும் குடிக்கும் வயதும்

"நடுக்கடலில் எந்த நாட்டுச் சட்டம் செல்லும், ஐயா?" என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் வினவினான். அவனுக்கு வயது பத்தொன்பது. உல்லாசக் கப்பலிற் செல்லும் உறவினர் உண்டு.

கொடிக்குரிய நாட்டின் சட்டம் என்பதே பொது விதி. அத்தகைய கப்பல்கள் பல பஹாமாஸ் கொடியைத் தாங்குவன. அங்கே மதுவருந்தும் வயது 18. எனினும் ராயல் கரீபியன் கம்பனி ஐரோப்பாவிலிருந்து புறப்படும் பயணங்களில் 18 என்றும், வட அமெரிக்காவிலிருந்து புறப்படுவனவற்றில் 21 என்றும் தானே விதித்துள்ளது. பார்சலோனாவில் ஏறியவனுக்கு நீட்டப்படும் கிண்ணம், மயாமியில் ஏறினால் மறுக்கப்படும்.

அமெரிக்காவின் 21 தரையிற் பிறந்த எண். இளைஞர் குடித்துவிட்டு வண்டியோட்டி மாண்ட துயரத்தினால், வயதை உயர்த்தாத மாநிலங்களுக்கு நெடுஞ்சாலைப் பணத்தைக் குறைக்கும் சட்டம் 1984இல் வந்தது. கடலில் நெடுஞ்சாலை ஏது? ஆயினும் அவ்வெண் கப்பலிலும் ஏறிக்கொண்டது! இலங்கையிலும் 21 வயதுக்குட்பட்டோருக்கு மது விற்றல் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குற்றமாயிற்று.

பெற்றோர் கவனிக்கவேண்டியது பிறிதொன்று. தந்தை தம் பெயரில் வாங்கி மகனிடம் கொடுப்பதும் விதிமீறலே. வழியிலுள்ள துறையொன்றில் அவரை இறக்கிவிடவும் கம்பனிக்கு உரிமையுண்டு. வீடு திரும்பும் செலவு அவருடையது.